பகுதி ஊதியத்துடன் விருப்ப விடுப்பு: விமானிகள் சங்கத்தில் எப்படி வாக்களிப்பது?

மஞ்சக்குப்பத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவன். சென்னையைத் தளமாகக் கொண்டு ஏர்பஸ் ஏ320 விமானத்தில் துணை விமானியாகப் பணியாற்றுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

எங்கள் நிறுவனத்தில் எஞ்சின் பிரச்சினையால் பல விமானங்கள் தரையில் நிற்கின்றன. மாற்று எஞ்சின்கள் எப்போது வந்து சேரும் என்பதை நிர்வாகத்தாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பறக்கும் நேரம் குறைந்துவிட்டது. ஆட்குறைப்பைத் தவிர்ப்பதற்காக என்று சொல்லி, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ பகுதி ஊதியத்துடன் விருப்ப விடுப்பில் செல்லும் திட்டம் ஒன்றை நிர்வாகம் முன்வைத்திருக்கிறது. விடுப்பில் செல்பவருக்குப் பாதி ஊதியம் உண்டு, பணிமூப்பு எண் மாறாது, மருத்துவக் காப்பீடு தொடரும், நிலைமை சீரடைந்ததும் பணிக்குத் திரும்ப அழைக்கப்படுவார் என்பவை சுற்றறிக்கையில் உள்ள முக்கியமான வாசகங்கள்.

இத்திட்டத்தை அப்படியே ஏற்பதா, திருத்தங்களுடன் ஏற்பதா, முற்றிலும் நிராகரிப்பதா என்று எங்கள் சங்கம் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தவிருக்கிறது. ஓய்வுபெறும் வயதை நெருங்கும் கேப்டன்களில் பலர் ஆதரிக்கிறார்கள். எங்களைப் போன்ற இளையவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். என் தந்தையின் உடல்நிலை காரணமாகச் சில மாதங்கள் கடலூரிலேயே இருக்க முடிந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. என் மனைவி புதுச்சேரியில் ஆசிரியையாகப் பணிபுரிவதால் வீட்டுச் செலவை ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் பயிற்சிக்காக வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காகச் சக விமானிகளைப் பாதிக்கக்கூடிய ஒன்றுக்கு ஆதரவாக வாக்களிக்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. விமானத் துறையிலோ தொழிற்சங்கப் பணியிலோ அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

இலாசுப்பேட்டை கேப்டன்

தம்பி, வணக்கம். நான் பணி ஓய்வு பெற்றுப் புதுச்சேரியில் வசிக்கிறேன். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவிலும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு விமானியின் சீட்டில் முதல் வரியில் நிற்கும் அடிப்படைச் சம்பளம் சிறிய தொகை. அதற்குக் கீழே பறக்கும் படி, வெளியூர்த் தங்கல் படி என்று வரிசையாக வருபவற்றில்தான் குடும்பம் நடத்துவதற்கான பணம் இருக்கிறது. ஒருவருக்கு மாதம் 3 லட்சம் ரூபாய் வருவதாகவும் அதில் அடிப்படைச் சம்பளம் 60 ஆயிரம் என்றும் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் பாதி என்றால் ஒன்றரை லட்சம். அடிப்படையில் பாதி என்றால் வெறும் 30 ஆயிரம். சுற்றறிக்கையில் 'ஊதியம்' என்று மட்டும் இருந்தால், எதில் பாதி என்பதைச் சம்பளப் பிரிவில் இருப்பவர் முடிவு செய்வார். அமெரிக்க ஒப்பந்தங்களில் மாதத்துக்கு இத்தனை மணிநேர ஊதியம் உறுதி என்று எழுதிவிடுவது வழக்கம் என்பதால் அங்கே இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. உங்கள் சங்கம் கேட்க வேண்டிய முதல் திருத்தம் இதுதான். விழுக்காட்டை ஐம்பதிலிருந்து அறுபதாக உயர்த்தச் சொல்லிச் சண்டை போடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, பறக்கும் தகுதி. முந்தைய 90 நாட்களுக்குள் குறைந்தது மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் திறன் சோதனை, வகுப்பு 1 மருத்துவச் சான்று ஆகியவையும் விடுப்புக் காலத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஓராண்டு விடுப்பில் போய்விட்டு வருபவர் நேராக விமானி அறைக்குள் நுழைய முடியாது. தரைப் பாடம், சிமுலேட்டர் (பறப்பதைத் தரையிலேயே பழகும் கருவி), பயிற்றுநருடன் பறத்தல் என்று எல்லாவற்றையும் மீண்டும் கடக்க வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்த விமானிகளைச் சிமுலேட்டரில் சோதித்திருக்கிறேன். சரிபார்ப்புப் பட்டியலை வரி பிசகாமல் சொல்வார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் விடை இருக்கும். ஆனால் ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கு மேலெழும் நேரத்தில் ஒரு எஞ்சினை நாங்கள் அணைத்தால், எந்தக் காலால் சுக்கான் மிதியை அழுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தும் கால் அரை நொடி தாமதமாகத்தான் நகரும். விமானத்தின் மூக்கு அதற்குள் ஒருபுறம் திரும்பியிருக்கும். இரண்டு மூன்று அமர்வுகளில் இது சரியாகிவிடும் என்றாலும், அந்த அமர்வுகளுக்கான செலவு யாருடையது, சிமுலேட்டரில் இடம் கிடைக்கும்வரை அவருக்கு முழு ஊதியமா பாதி ஊதியமா என்பவற்றை இப்போதே எழுதி வாங்க வேண்டும்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 2020இல் விமானிகளுக்கு ஐந்தாண்டுகள் வரை பகுதி ஊதியத்துடன் நீண்ட விடுப்பு அளிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. விமானிகள் மட்டுமன்றி எல்லாப் பிரிவினரையும் சேர்த்தால், ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நீண்ட விடுப்பையோ விருப்ப விலகலையோ தேர்ந்தெடுத்தார்கள். பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பியதும் 2021இல் விடுப்பிலிருந்த விமானிகளை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. எத்தனை பேரை அழைத்தாலும் சிமுலேட்டர் வழியாகத்தானே வர வேண்டும்? பெருமளவில் விடுப்பு கொடுத்த நிறுவனங்கள் பலவற்றுக்கும் அந்தக் காலத்தில் பயிற்சியே இடுக்கு வாசலாக இருந்தது.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறேன். துணை விமானிகள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. பணிமூப்பு எண் மாறாது என்கிறார்கள், நல்லது. ஆனால் நம் நாட்டில் கேப்டனாக உயர்வதற்குப் பணிமூப்பு எண் மட்டும் போதாது. கேப்டனுக்குத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கே 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அந்தந்த விமான ரகத்தில் இத்தனை மணிநேரம் என்று நிறுவனம் தனியாக வரையறை வைத்திருக்கும். நீங்கள் ஓராண்டு வீட்டில் இருக்கும்போது, உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் ரோஸ்டரில் குறைவாகவேனும் பறந்துகொண்டிருப்பார். திரும்பி வரும்போது உங்கள் எண் அப்படியே இருக்கும், மணிநேரத்தில் அவர் முந்தியிருப்பார். திரும்பி வந்தவர்களுக்கு ரோஸ்டரில் முன்னுரிமையோ, பதவி உயர்வு வரிசையில் குறிப்பிட்ட காலத்துக்குக் காப்போ இல்லாவிட்டால், பணிமூப்பு எண்ணைக் காப்பதாகச் சொல்வதில் உங்கள் நிலையில் உள்ளவருக்குப் பாதிப் பயன்தான். ஓய்வை நெருங்கும் கேப்டன்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர்கள் ஆதரிப்பதில் வியப்பில்லை.

'நிலைமை சீரடைந்ததும்' என்ற வாசகம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் இலாசுப்பேட்டை விமான நிலையத்தையே பாருங்கள். 2024 மார்ச்சில் நின்றுபோன சேவை அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கியது, ஆனால் வேறொரு நிறுவனத்தின் விமானத்தோடு. பயணிகள் திரும்பி வந்தாலும் உங்கள் நிறுவனத்துக்கே திரும்பி வருவார்கள் என்பதற்கு உறுதி இல்லாதபோது, விடுப்பு முடியும் தேதி நாட்காட்டியில் இருக்க வேண்டும்.

முதலியார்பேட்டை வழக்கறிஞர்

கேப்டன் ஐயா எழுதியவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

புதுச்சேரியில் பாதிச் சம்பளம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பஞ்சாலைகளின் லே-ஆஃப், அதாவது வேலை தர முடியாமல் தொழிலாளர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதுதான். ஏ.எஃப்.டி. ஆலை 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயலில் பெரும் சேதமடைந்தது. பிற்பாடு அங்கே லே-ஆஃப் நீண்டகாலம் நீடித்து, 2020இல் ஆலை மூடப்பட்டது. லே-ஆஃப் செய்யப்பட்ட ஆலைத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியைத் தர வேண்டும் என்பது நிர்வாகத்தின் தயவு அல்ல. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 25சி பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த லே-ஆஃப் இழப்பீட்டுப் பிரிவுகள் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கும் மட்டுமே உரியவை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் இதே வரையறை தொடர்கிறது. விமான நிறுவனம் இம்மூன்றில் எதுவுமில்லை. எனவே உங்களுக்குப் பாதி ஊதியம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அளவுக்குத்தான் உரிமை. எழுதப்படாத எதையும் பின்னால் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம். சுற்றறிக்கையை நிர்வாகம் ஒரு கையெழுத்தில் திரும்பப் பெற்றுவிடலாம் என்பதால், சங்கத்துடன் கையெழுத்தான தீர்வு ஒப்பந்தமாக இது அமைய வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

'விருப்ப' என்ற சொல் ஆணையின் தலைப்பில் மட்டும் இருக்கிறதா, உள்ளேயும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஜூலையில் ஏர் இந்தியா ஊதியமில்லா விடுப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஊழியர் தாமாகவே ஆறு மாதத்திலிருந்து இரண்டாண்டு வரை விடுப்பில் செல்லலாம் என்று தொடங்கிய அதே ஆணையில், திறமை, உடல்நலம் போன்றவற்றின் அடிப்படையில் யாரையும் கட்டாயமாக விடுப்பில் அனுப்பவும், அதை ஐந்தாண்டு வரை நீட்டிக்கவும் நிறுவனத் தலைவருக்கு அதிகாரம் இருந்தது. இந்திய வணிக விமானிகள் சங்கமும் இந்திய விமானிகள் கில்டும் அதை எதிர்த்ததற்குக் காரணம் முதல் பகுதியல்ல, இரண்டாம் பகுதிதான். போதிய பேர் முன்வராவிட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு உங்கள் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறதா? இல்லையென்றால், அந்தப் பதிலைப் பெறாமல் வாக்கெடுப்புக்கே போகாதீர்கள்.

கடைசியாக, நிறுவனத்தின் கைப்பணம். ஜெட் ஏர்வேஸ் விமானிகள் 2019 தொடக்கத்திலிருந்தே ஊதியம் கிடைக்காமல் இருந்தார்கள். அந்த ஏப்ரலில் நிறுவனம் பறப்பதையே நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் திவால் நடவடிக்கைக்குப் போனது, அதற்கு அது சொன்ன காரணமும் எஞ்சின்கள்தான். நிறுவனம் கலைக்கப்படும் நிலை வந்தால், திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு 'தொழிலாளி' என்ற வகையில் வருபவரின் 24 மாத நிலுவையை அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர்களுக்கு இணையாக வைக்கிறது. பிற ஊழியர்களின் நிலுவையோ 12 மாதத்துக்கு மட்டும், அதுவும் அடுத்த படியில். விமானி இவற்றுள் எந்த வகையில் வருவார் என்பது வழக்காடிப் பெற வேண்டியதாகிவிடும். உங்கள் நிறுவனம் மாதச் சம்பளத்தை உரிய நாளில் தருகிறதா, வருங்கால வைப்பு நிதியை உரிய காலத்தில் கட்டுகிறதா என்று பாருங்கள். இப்போதே தாமதம் இருந்தால் ஓராண்டுக்குப் பாதி ஊதியம் என்ற வாக்குறுதிக்குப் பெரிய மதிப்பில்லை.

நெல்லித்தோப்பு கமாண்டர்

நானும் பணியில் இருக்கும் விமானிதான். வேறு நிறுவனம். மேலே எழுதியவர்கள் திருத்தங்களோடு ஏற்கலாம் என்ற முடிவை நோக்கி உங்களை நகர்த்துகிறார்கள். நான் நிராகரிக்கவே சொல்வேன்.

இத்திட்டத்தை யார் எடுத்துக்கொள்ள முடியும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் இரண்டாவது வருமானம் உள்ளவர், கடன் முடிந்தவர், ஓய்வை நெருங்கியவர். புதிதாகச் சேர்ந்து, டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் துணை விமானியால் எடுத்துக்கொள்ள முடியாது. நாளைக்கு ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் வெளியேறப் போகிறவரும் அவரே. ஆகவே பெயரில் விருப்பம் இருந்தாலும், சுமை சமமாகப் பகிரப்படவில்லை.

2020இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகளின் சங்கமான பால்பா வேறொரு வழியைத் தேர்ந்தது. எல்லா விமானிகளும் 20 விழுக்காடு ஊதியக் குறைப்பை ஏற்பது, அது இரண்டாண்டுக்குள் 8 விழுக்காடாகக் குறைவது, மிச்சப்படும் பணத்தில் ஏறத்தாழ 300 விமானிகளைக் குறைந்த ஊதியத்தில் பட்டியலில் வைத்திருந்து தேவை வந்ததும் அழைப்பது என்பது அந்த ஒப்பந்தம். வாக்களித்தவர்களில் 85 விழுக்காட்டினர் அதை ஏற்றார்கள். அப்படியும் சுமார் 270 பேர் வேலையிழந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிர்வாகம் முதலில் சொன்ன எண்ணிக்கை ஆயிரத்துக்கும் மேல். மூத்தவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இளையவரைக் காப்பது சங்கம். வசதியுள்ளவர் ஓய்வெடுப்பதற்கு ஒப்புதல் முத்திரை குத்துவது சங்கத்தின் வேலையல்ல.

இன்னொன்று. நிர்வாகம் உங்களை வெளியேற்றாமல் பாதி ஊதியத்தில் வைத்திருக்க விரும்புவது கருணையினால் அன்று. விமானிகளின் பணிநேர விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரவுப் பணியில் அனுமதிக்கப்பட்ட இறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. அடுத்த மாதமே இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. விமானி கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எல்லா நிர்வாகங்களும் பார்த்துவிட்டன. உங்களை விட்டால் எதிர்நிறுவனம் அள்ளிக்கொள்ளும் என்ற அச்சத்தில் உங்களைப் பிடித்து வைத்திருக்கக் கொடுக்கும் விலைதான் இந்தப் பாதி ஊதியம். அந்த விலையை ஏன் இவ்வளவு மலிவாக ஒப்புக்கொள்ள வேண்டும்?

இலாசுப்பேட்டை கேப்டன்

கமாண்டர் சொல்லும் கடைசிப் பத்தியை முழுவதும் ஏற்கிறேன். அதனாலேயே நிராகரிப்பதைவிடப் பேரம் பேசுவது நல்லது என்று கருதுகிறேன். பால்பாவின் வழி சாத்தியமாவதற்கு, நிறுவனத்தின் எல்லா விமானிகளும் ஒரே சங்கத்தின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். நம் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் விமானி தனித்தனியாகக் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தின் கீழ் வேலை செய்கிறார். 2020இல் இண்டிகோ விமானிகளுக்கு மாதத்தில் 10 நாட்கள் வரை ஊதியமில்லா விடுப்பு அறிவிக்கப்பட்டபோது யாரும் வாக்கெடுப்பு நடத்திக் கேட்கவில்லை. வாக்கெடுப்பு என்ற ஒன்று இருப்பதே தம்பியின் சங்கத்துக்கு ஓரளவு வலு இருப்பதைக் காட்டுகிறது. அந்த வலுவை 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லில் செலவழித்துவிட்டால், நிர்வாகம் அடுத்து ஊதியமில்லா விடுப்போடு வரும்.

திருப்பாதிரிப்புலியூர் வங்கியாளர்

கடன் பற்றி மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன். 2020இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது எல்லோருக்குமான ஏற்பாடு. இப்போது அப்படி எதுவும் இல்லை. விடுப்பு தொடங்குவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குச் சென்று, சம்பளம் குறையப்போகும் காலத்தைக் காட்டும் கடிதத்தைக் கொடுத்துத் தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். ஒரு தவணை தவறிய பிறகு வந்து கேட்பவரிடம் நாங்கள் பேசும் முறையே வேறாகிவிடும். உடல்நலக் குறைவால் பறக்கும் உரிமத்தை இழந்தால் பணம் தரும் உரிம இழப்புக் காப்பீட்டின் பிரீமியத்தை நிறுவனம் சம்பளத்தில் பிடித்துக் கட்டி வருகிறதென்றால், விடுப்புக் காலத்தில் அது தொடர்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். 'ஊதியம்' எது என்பதற்கு விளக்கம் இல்லை. போதிய பேர் முன்வராவிட்டால் 'நிர்வாகம் தக்க முடிவை எடுக்கும்' என்று மட்டும் இருக்கிறது. வழக்கறிஞர் ஐயா சுட்டிய இடம் சரியாக இதுதான். சம்பளம் இதுவரை தாமதமானதில்லை, வைப்பு நிதியும் கட்டப்பட்டிருக்கிறது.

கமாண்டர் அவர்களின் எதிர்ப்பு என்னை மிகவும் யோசிக்கவைத்தது. விடுப்பில் செல்பவர்களால் மிச்சமாகும் பணத்திலிருந்து, மீதமிருக்கும் இளைய துணை விமானிகளுக்கு மாதத்துக்குக் குறைந்தபட்ச மணிநேர ஊதியத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று ஒரு திருத்தத்தை நானே முன்மொழியலாம் என்றிருக்கிறேன். அதோடு ஊதியத்தின் வரையறை, முடிவுத் தேதி, திரும்பியதும் சிமுலேட்டர் செலவும் முழு ஊதியமும், கட்டாய விடுப்பு கிடையாது என்ற வாசகம் ஆகியவற்றையும் சேர்ப்பேன். இவை ஏற்கப்பட்டால் ஆதரித்தும், கட்டாய விடுப்பைப் பற்றிய வாசகம் மறுக்கப்பட்டால் எதிர்த்தும் வாக்களிப்பதாக முடிவு செய்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: விடுப்பில் இருக்கும்போதே வேறு நிறுவனத்தில் வாய்ப்பு வந்தால் என்ன செய்வது?

இலாசுப்பேட்டை கேப்டன்

2017இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. வெளியிட்ட விதிப்படி, வேலையை விட்டு விலகும் கேப்டனுக்கு ஓராண்டும் துணை விமானிக்கு ஆறு மாதமும் முன்னறிவிப்புக் காலம். அந்தக் காலம் விடுப்பில் இருக்கும்போதே கழியுமா, அல்லது பணிக்குத் திரும்பிய நாளிலிருந்துதான் எண்ணப்படுமா என்பதை உங்கள் திருத்தங்களோடு சேர்த்துக் கேளுங்கள். பின்னது என்றால், ஓராண்டு விடுப்பு உங்களைப் பொறுத்தவரை ஒன்றரை ஆண்டுக் கட்டாகிவிடும். வேறு நிறுவனத்தில் பறப்பதற்கு இப்போதைய நிறுவனத்தின் மறுப்பின்மைச் சான்று வேண்டும் என்பதால் ரகசியமாகச் சேர்ந்துவிடவும் முடியாது. தரைப் பாடம் கற்பிப்பது போன்ற பறக்காத வேலைகளுக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி கேளுங்கள். அதில் நிர்வாகத்துக்கு நட்டம் இல்லை என்பதால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.